தலைப்பில் ஒரு சொல், மாதம் 500 ரூபாய்: பால்புதுமையினருக்குத் துணை நிற்க ஒரு முழு வழிகாட்டி

நான் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் சில ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். ஒரு நாள் இரவு பத்தரை மணி. மாவட்டப் பதிப்பு அச்சுக்குப் போகும் அவசரம். வீட்டைவிட்டு வெளியேறிய இரண்டு இளம்பெண்களைப் பற்றிய சின்னச் செய்தி ஒன்று என் மேசைக்கு வந்தது. நிருபர் காவல் நிலையத்தில் கிடைத்த குறிப்பை அப்படியே அனுப்பியிருந்தார். 'ஓரினச்சேர்க்கை மோகம்' என்று தொடங்கும் தலைப்பைப் போட்டவன் நான்தான்.

பத்து நாள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் அந்தப் பெண்களில் ஒருவரின் அத்தை. "என் அண்ணன் அந்தச் செய்தியை வெட்டிப் பர்ஸில் வைத்திருக்கிறார். மகளைத் திட்டும்போதெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். நீங்கள் எழுதாவிட்டாலும் அவர் திட்டியிருப்பார். ஆனால் இந்தச் சொல்லை அவர் கையில் கொடுத்தது நீங்கள்" என்று எழுதியிருந்தார்.

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் எந்தத் தலைப்பிலும் போடவில்லை. பக்கத்து மேசைக்காரர்களையும் போடவிடவில்லை. ஒரே ஓர் அட்டை ஒரு செய்திப் பிரிவின் பழக்கத்தை மாற்றியது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அன்று இரவு 'இதை எப்படி எழுதுவது' என்று கேட்க எனக்கு ஒரு தொலைபேசி எண்கூட இல்லை. அப்படி ஒரு எண் இருக்க வேண்டுமென்றால், அந்தப் பக்கம் ஒருவர் சோறு, வாடகைக் கவலை இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினருக்காக ஊடகத்தோடு பேசுவதையும் நன்கொடை கொடுப்பதையும் ஒரே வழிகாட்டியில் சேர்த்து எழுதுவது இதனால்தான்.

1. முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

மற்றவரைத் திருத்தப் போகுமுன் நமக்குத் தெளிவு வேண்டும். ஒரு வார இறுதி போதும்.

பிறப்பின்போது ஆண் எனக் குறிக்கப்பட்டு, பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண் எனக் குறிக்கப்பட்டு, ஆணாக வாழ்பவர் திருநம்பி. இருவரையும், இந்த இரண்டுக்குள் அடங்காதவர்களையும் சேர்த்துச் சொல்லத் திருநர் என்ற சொல் இருக்கிறது. தன் பாலினத்தவர் மீது ஈர்ப்புக் கொண்டவர் தன்பாலீர்ப்பாளர். இரு பாலினர் மீதும் ஈர்ப்பு என்றால் இருபாலீர்ப்பு. உடற்கூறிலேயே ஆண், பெண் என்ற வரையறைக்குள் வராமல் பிறப்பவர்களை இடைபாலினர் என்றும் ஊடுபால் என்றும் சொல்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் சேர்த்துக் குறிக்கும் குடைச்சொல் பால்புதுமையினர்.

'ஓரினச்சேர்க்கையாளர்' என்ற சொல்லில் என்ன குறை என்று நிறையப் பேர் கேட்பார்கள். அந்தச் சொல் ஒரு மனிதரின் காதலையும் வாழ்க்கையையும் படுக்கையறைக்குள் சுருக்கிவிடுகிறது. கணவன் மனைவியைப் பற்றி எழுதும்போது யாரும் 'சேர்க்கை' என்று எழுதுவதில்லையே. 'அரவாணி' பழைய சொல். கூவாகம் திருவிழாவோடும் அரவான் கதையோடும் அதற்கு உறவு உண்டு. தன்னை அப்படி அழைத்துக்கொள்ளும் மூத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களே சொன்னால் அப்படியே எழுதலாம், நாமாகச் சூட்டக் கூடாது. கலைஞர் மு. கருணாநிதி முதல்வராக இருந்த காலத்தில் 'திருநங்கை' அரசின் சொல்லானது. 2008இல் அமைந்த நல வாரியத்தின் பெயரிலும் அரசாணைகளிலும் பிறகு அது வந்தது. மரியாதையான ஒரு சொல் வீட்டுப் பேச்சு வரை இறங்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். இன்று பேருந்து நடத்துநர்கூடத் 'திருநங்கை' என்கிறார்.

மற்ற சொற்களுக்கு வேறு கதை. 2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு வந்தார்கள். காவல்துறைத் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 2021 ஜூன் 7 அன்று இடைக்கால உத்தரவைப் பிறப்பித்தார். பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை வந்தது அந்த உத்தரவில்தான். அதே வழக்கின் தொடர்ச்சியாக, பால்புதுமையினரைக் குறிக்கும் மரியாதையான சொற்களின் பட்டியல் 2022இல் தமிழக அரசிதழில் வெளியானது. குயர் சென்னை க்ரானிக்கிள்ஸ் போன்ற சமூகக் குழுக்கள் முன்பே செய்து வைத்திருந்த உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த அரசிதழின் நகலைத் தரவிறக்கிக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாப் படிகளிலும் அதுதான் நம் கையிருப்பு.

தமிழுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. 'அவர் வந்தார், பேசினார்' என்று எழுதினால் பாலினம் வெளியே தெரியாது; மரியாதையும் குறையாது. ஆங்கிலச் செய்தியாளர்கள் பிரதிப்பெயருக்குப் படும் பாடு நமக்குப் பெரும்பாலும் இல்லை. இருந்தும் குற்றச் செய்திகளில் திருநங்கையை 'அவன்' என்றும் சில வேளை 'அது' என்றும் எழுதியதை நானே பார்த்திருக்கிறேன்.

2. ஒரே ஓர் ஊடகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

எல்லாத் தொலைக்காட்சியையும் எல்லாப் பத்திரிகையையும் யாராலும் கண்காணிக்க முடியாது. உங்கள் வீட்டுக்கு வரும் ஒரு நாளிதழ், அல்லது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி பகிரப்படும் ஒரு யூடியூப் சேனல். ஒன்று போதும். ஒரு மாதம் பாருங்கள். ஒரு நோட்டில் தேதி, பக்கம், தலைப்பு, என்ன சொல், எழுதியவர் பெயர் இருந்தால் அது, இவ்வளவும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல செய்தி வந்தால் அதையும் குறியுங்கள். இந்தப் பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு மாதத்தில் ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். திருநங்கைகள் குற்றச் செய்தியிலும் கூவாகத் திருவிழாப் படங்களிலும் மட்டும் வருவார்கள். திருநம்பிகள் கிட்டத்தட்ட வரவே மாட்டார்கள். பெண்ணை விரும்பும் பெண்கள் 'மாயம்', 'ஓட்டம்' என்ற சொற்களோடு வருவார்கள். செய்திக்குள் பிழையில்லாமல் இருக்கும், தலைப்பில் மட்டும் பிழை இருக்கும். இந்தக் கடைசி விஷயம் முக்கியம். நிருபர் அனுப்புவது செய்தி. தலைப்புப் போடுவது பெரும்பாலும் டெஸ்கில் இருக்கும் உதவி ஆசிரியர். தலைப்புக்காக நிருபரைத் திட்டிப் பயனில்லை.

சட்டப் பிழைகளையும் கவனியுங்கள். தன்பாலீர்ப்பு 'சட்டப்படி குற்றம்' என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். வயது வந்தவர்கள் விருப்பத்தோடு கொள்ளும் உறவு குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6 அன்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே பாலினத்தவரின் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம் மறுத்தது. அதனால் சேர்ந்து வாழ்வது குற்றமாகிவிடாது; ஆனால் இந்த இரண்டையும் குழப்பி எழுதுவார்கள். திருநங்கையைத் திருமணம் செய்வது செல்லாது என்று எழுதினால் அதுவும் தவறு. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தது. பிறக்கும்போது இடைபாலினராக இருக்கும் குழந்தைகளுக்கு அவசியமில்லாத அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்கச் சொன்னதும் அதே தீர்ப்புதான்.

3. கடிதம் எழுதுங்கள், கூச்சல் வேண்டாம்

இந்த வழிகாட்டியில் நான் அதிகம் நம்பும் படி இது. சமூக ஊடகத்தில் ஆயிரம் பேர் திட்டினால் செய்திப் பிரிவு கதவை மூடிக்கொள்ளும். 'நம்மைக் குறிவைக்கிறார்கள்' என்ற பேச்சு வரும், பழைய சொல் பிடிவாதமாகவே நிற்கும். பெயர் சொல்லி, குறிப்பிட்ட செய்தியைக் காட்டி, ஒருவர் ஒருவருக்கு எழுதும் கடிதத்தை அங்கே யாராவது கட்டாயம் படிப்பார்கள். அதற்கு நானே சாட்சி.

யாருக்கு? ஆசிரியருக்கு முகவரியிட்டு, செய்தி ஆசிரியருக்கு நகல் அனுப்புங்கள். மாவட்டச் செய்தி என்றால் அந்த ஊர் அலுவலகத்துக்கும் ஒன்று. தொலைபேசியில் பேசுவதாக இருந்தால் மதியம் 3 மணிக்குப் பேசுங்கள். மாலை 6 மணிக்கு மேல் பக்கம் முடிக்கும் நேரம், யாரும் காதுகொடுத்துக் கேட்க முடியாது. பகுதி நேர நிருபர்கள் பலருக்குச் செய்திக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அவர்களிடம் கோபமாகப் பேசாதீர்கள். சரியான சொல்லையும் அழைக்க ஓர் எண்ணையும் கொடுங்கள்.

நான் நண்பர்களுக்கு எழுதிக் கொடுக்கும் மாதிரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம். இந்த மாதம் 12ஆம் தேதி 5ஆம் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். விபத்தில் இறந்தவர் திருநங்கை என்று மூன்றாவது பத்தியில் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். தலைப்பில் மட்டும் 'பெண் வேடமிட்ட வாலிபர்' என்று இருக்கிறது. அவர் பல ஆண்டுகள் வாழ்ந்த பெயர் உங்கள் செய்தியிலேயே இருக்கிறது; தலைப்பிலும் அதையே தந்திருக்கலாம். அச்சில் வந்ததை மாற்ற முடியாது என்பது தெரியும். இணையத்தில் தலைப்பை மட்டும் மாற்ற முடியுமா? அரசிதழில் வந்த சொற்பட்டியலை இத்துடன் அனுப்புகிறேன். போன மாதம் திருநம்பி ஒருவர் நடத்தும் கடையைப் பற்றி நீங்கள் போட்ட செய்தியை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். அதை எழுதியவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்."

இதில் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான், அதுவும் பத்து நிமிடத்தில் செய்யக்கூடியது. பத்துக் கோரிக்கைகளோடு போகும் கடிதம் கோப்புக்குள் போய்விடும். கடைசியில் இருக்கும் நன்றியை அலங்காரமாக நினைக்காதீர்கள். நல்ல செய்தி எழுதிய நிருபருக்கு அலுவலகத்தில் பேசுவதற்கு ஒரு பலம் வேண்டும்; வாசகர் கடிதம்தான் அந்தப் பலம்.

இந்த முறை புதிதில்லை. அமெரிக்காவில் கிளாட் என்ற அமைப்பு 1985இல் நியூயார்க்கில் தொடங்கியது இப்படித்தான். எய்ட்ஸ் நோயாளிகளைப் பற்றி ஒரு நாளிதழ் எழுதிய விதத்தைப் பார்த்துக் கொதித்த எழுத்தாளர்களும் செயல்பாட்டாளர்களும் ஒன்றுகூடினார்கள். ஆசிரியர்களைச் சந்திப்பது, சொற்பட்டியல் தருவது, நல்ல படைப்புகளுக்கு விருது கொடுப்பது என்று பல ஆண்டுகள் அதையே விடாமல் செய்தார்கள். நம் ஊரில் விருது கொடுக்கும் அளவுக்கு ஆளும் பணமும் இன்னும் சேரவில்லை. கடிதத்துக்கு அது தேவையுமில்லை.

4. பதில் வரவில்லை என்றால்

இரண்டு வாரம் பொறுங்கள். மீண்டும் ஒரு முறை எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லை, செய்தியோ கடுமையானது என்றால் மட்டும் புகாருக்குப் போங்கள்.

அச்சுப் பத்திரிகை என்றால் இந்தியப் பத்திரிகைக் குழு, அதாவது பிரஸ் கவுன்சில். முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலை இணைக்க வேண்டும். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த 2 மாதத்துக்குள் புகார் போக வேண்டும். மற்ற இதழ்களுக்கு 4 மாதம். தமிழ்ச் செய்தி என்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும். பலருடைய புகார் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறது. குழுவுக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது, எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். ஆனாலும் கண்டனம் வாங்கிய பத்திரிகையில் அடுத்த சில மாதம் எல்லோரும் கவனமாகத்தான் எழுதுவார்கள்.

செய்தித் தொலைக்காட்சிக்கு நாள் கணக்கு இன்னும் இறுக்கமானது. ஒளிபரப்பான 7 நாட்களுக்குள் முதலில் சேனலுக்கே எழுதிவிடுங்கள். அங்கே தீராவிட்டால், அந்தச் சேனல் உறுப்பினராக இருக்கும்பட்சத்தில், என்பிடிஎஸ்ஏ என்ற சுயகட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம். நெடுந்தொடர், நகைச்சுவை நிகழ்ச்சி போன்றவற்றுக்கு பிசிசிசி என்ற தனிக் குழு உண்டு. இணையச் செய்தித் தளங்களின் அடியில் குறைதீர் அலுவலரின் பெயரும் மின்னஞ்சலும் பெரும்பாலும் இருக்கும்.

யூடியூப் பற்றி ஒன்று மட்டும். மோசமான காணொளியின் இணைப்பைக் கோபத்தில் பகிராதீர்கள். நீங்கள் பகிரும் ஒவ்வொரு முறையும் அதற்குப் பார்வை கூடுகிறது, அவர்களுக்கு வருமானம் கூடுகிறது. படம்பிடித்து வைத்துக்கொண்டு, புகார்ப் பொத்தானை அழுத்திவிட்டு நகருங்கள்.

5. நல்ல செய்தி வருவதற்கு உதவுங்கள்

கெட்டதைத் தடுப்பது பாதி வேலை. மீதிப் பாதி, நல்ல கதைகள் வாசகரிடம் போவது. 2008இல் விஜய் தொலைக்காட்சியில் 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியைத் திருநங்கையான ரோஸ் வெங்கடேசன் தொகுத்து வழங்கினார். அதுவரை சினிமாவில் கேலிப் பாத்திரமாக மட்டுமே திருநங்கையைப் பார்த்திருந்த பாட்டிமார்கள், அவர் மற்றவர்களின் குடும்பச் சிக்கல்களைக் கேட்டுப் பேசுவதைக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். திருநங்கையும் பரதநாட்டியக் கலைஞருமான நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். திருநங்கையான பிரித்திகா யாஷினி நீதிமன்றம் வரை போராடி, 2017இல் காவல் உதவி ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தார். நிருபருக்கு யோசனை சொல்லும்போது சாதனையாளர்களோடு நிறுத்திவிடாதீர்கள். இட்லிக் கடை நடத்துபவர், ஐடிஐ படிப்பவர், மகளை ஏற்றுக்கொண்ட அப்பா, இவர்களின் கதைதான் வாசிக்கும் இன்னொரு அப்பாவைத் தொடும்.

இதில் ஒரு கடுமையான விதி உண்டு. யாருடைய அடையாளத்தையும் அவர் ஒப்புதல் இல்லாமல் நிருபரிடம் சொல்லாதீர்கள். 'எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், பேசச் சொல்கிறேன்' என்று ஆர்வத்தில் எண்ணைக் கொடுத்துவிடுவோம். அந்தச் செய்தி அவருடைய ஊரில் வெளியானால் வேலை போகலாம், வாடகை வீடு போகலாம், உயிருக்கே ஆபத்து வரலாம். முதலில் அவரிடம் கேளுங்கள். படம் வருமா, ஊர்ப் பெயர் வருமா, இணையத்தில் எத்தனை காலம் இருக்கும் என்பதையெல்லாம் விளக்கிச் சொல்லுங்கள். சரி என்று சொன்ன பிறகும் மறுநாள் ஒரு முறை கேளுங்கள். முதல் நாள் சரி என்று சொல்லிவிட்டு இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

தற்கொலைச் செய்திகளுக்கு 2019இல் பிரஸ் கவுன்சில் ஏற்றுக்கொண்ட நெறிமுறைகள் இருக்கின்றன. எப்படி நடந்தது என்ற விவரணை கூடாது, பரபரப்பான தலைப்புக் கூடாது. நிருபருக்கு அதை நினைவூட்டுங்கள். 104, 14416 ஆகிய உதவி எண்களைச் செய்தியோடு போடச் சொல்லுங்கள்.

6. பணம் எங்கே தேவைப்படுகிறது

பணம் என்றதும் பலருக்கு அறுவை சிகிச்சை ஞாபகம் வரும். தமிழ்நாட்டில் பாலின உறுதி அறுவை சிகிச்சைகளை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். அதற்குப் பின் வரும் வாரங்கள்தான் சிரமமானவை. வேலைக்குப் போக முடியாது, வாடகை நிற்காது, சத்தான சாப்பாடு வேண்டும், கூட இருந்து பார்த்துக்கொள்ளும் தோழிக்கும் அன்றைய கூலி போய்விடும். ஒருவருடைய இரண்டு மாத வாடகையைக் கட்டுவது, அறுவை சிகிச்சைக்கே பணம் கொடுத்ததற்குச் சமம்.

அடுத்தது ஓடி வருபவர்கள். பெண்ணை விரும்பும் பெண் வீட்டைவிட்டு வந்தால் முதல் செலவு பேருந்துச் சீட்டு. பிறகு பாதுகாப்பான ஓர் அறை. பிறகு வழக்கறிஞர். வீட்டாரே பிடித்து அடைத்து வைத்திருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒரு மனுவில்தான், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி என்றில்லை, தேர்ந்தெடுத்த குடும்பம் என்பதும் சட்டத்துக்குத் தெரிந்த கருத்தே என்று சொல்லி, ஓர் இளம்பெண்ணை வீட்டாரின் பிடியிலிருந்து விடுவித்தது. நீதிமன்றப் படியேறும் அளவுக்கு ஒரு வழக்கைக் கொண்டுபோக, அலைவதற்கு ஆளும் அவசரத்துக்குக் கையில் காசும் வேண்டும்.

திருநங்கையருக்கு ஜமாத் என்ற அமைப்பு இருக்கிறது. மூத்தவர் தாயாகவும் இளையவர் மகளாகவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அதில் குறைகள் உண்டு. ஆனாலும் நெருக்கடியில் ஓடிப்போக ஒரு வீடாவது இருக்கிறது. திருநம்பிகளுக்கும் தன்பாலீர்ப்புப் பெண்களுக்கும் அதுவும் கிடையாது. நன்கொடையும் அவர்களுக்கு மிகக் குறைவாகவே போகிறது. என்னைக் கேட்டால், கையில் இருப்பது ஒரு தொகைதான் என்றால் அது முதலில் இவர்களோடு வேலை செய்யும் குழுவுக்குப் போகட்டும்.

அப்புறம், யார் கண்ணுக்கும் படாத செலவு ஒன்று. நிருபர் இரவு 8 மணிக்கு அழைத்தால் எடுத்துப் பேசுபவர், செய்தியாளர்களுக்குப் பயிற்சி நடத்துபவர், தமிழில் சொற்பட்டியல் எழுதுபவர், இவர்களுக்கான மாதச் சம்பளம். படம் எடுத்துக் காட்ட ஏதுமில்லாத செலவு என்பதால் இதற்கு நிதி கிடைப்பது கடினம். நான் அன்று தேடிய தொலைபேசி எண் இந்தச் சம்பளத்தில்தான் இருக்கிறது.

7. யாருக்குக் கொடுப்பது, எப்படிச் சரிபார்ப்பது

சென்னையில் 1998இலிருந்து இயங்கும் சகோதரன், தன்னார்வலர்கள் நடத்தும் ஓரினம், நிறங்கள், மதுரையில் ஸ்ருஷ்டி, திருநர் உரிமைகளுக்காகக் கிரேஸ் பானு நடத்தும் கூட்டமைப்பு எனப் பல குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் வேலையும் வேறு. எல்லாக் குழுவும் எல்லா நேரமும் நன்கொடை வாங்குவதில்லை. அவர்களையே கேளுங்கள். 2009இலிருந்து சென்னையில் ஜூன் மாதம் நடக்கும் வானவில் பேரணிக்குக்கூடத் தன்னார்வலர்கள் கைக்காசைப் போட்டுத்தான் ஏற்பாடு செய்கிறார்கள்.

பதிவு பெற்ற அறக்கட்டளை என்றால் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளையும் கடைசி ஆண்டுக் கணக்கையும் கேட்கலாம். தொண்டு அமைப்புகளைப் பட்டியலிடும் நீதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். முடிவெடுக்கும் இடத்தில் திருநரோ தன்பாலீர்ப்பாளரோ இருக்கிறார்களா என்பதைக் கட்டாயம் பாருங்கள். இணையதளத்தில் யாருடைய முகத்தையாவது காட்டிக் கண்ணீர்க் கதை சொல்லும் குழுவிடம் நான் கொஞ்சம் தயங்குவேன். பதிவு இல்லாத சிறு குழு என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். மாவட்டத்தில் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் குழுவுக்குப் பதிவுக் கட்டணமே பாரம். தெரிந்தவர் மூலம் விசாரித்து, முதலில் சிறு தொகை கொடுத்து, என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுத் தொடரலாம்.

ஜூனில் ஒரே தடவையாக 6,000 கொடுப்பதைவிட மாதம் 500 மேல். வாடகையும் சம்பளமும் மாதாமாதம்தானே வருகின்றன. 'இதற்கு மட்டும்தான் செலவு செய்ய வேண்டும்' என்று கயிறு கட்டிக் கொடுக்காதீர்கள். அரிசி வாங்கக் கொடுத்த பணம் கையில் இருக்கும்போது ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டி வரும்.

பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் அன்னதானம் செய்யும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதே நாளில், அதே பெயரில் ஒரு தங்குமிடத்துக்கு ஒரு வார மளிகை வாங்கிக் கொடுக்கலாம். என் அம்மா இதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் எங்கள் சொந்தக்காரர்கள் இந்தப் பேச்சையே வீட்டுக்குள் எடுத்தார்கள். போகும்போது கைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள். அங்கே இருப்பவர்கள் பலர் தேடி வரும் வீட்டாருக்குப் பயந்து இருப்பவர்கள். பின்னணியில் தெரியும் ஒரு கடைப் பலகை போதும், இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

8. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

துபாயில் இருந்தாலும் நியூ ஜெர்சியில் இருந்தாலும், கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால், உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை வெளிநாட்டு நிதியாகக் கருதப்படாது. கடவுச்சீட்டின் நகலைக் குழு கேட்கும், கொடுத்துவிடுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ என்ற வெளிநாட்டு இந்தியர் அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நிதிதான். வெளிநாட்டு நிதிக்கான எஃப்சிஆர்ஏ சட்டத்தின்கீழ் பதிவு உள்ள அமைப்புகள் மட்டுமே அதை வாங்க முடியும், அதுவும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் உள்ள கணக்கில். நல்லெண்ணத்தில் நேரடியாகப் பணம் அனுப்பி, ஒரு சிறு குழுவைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். பதிவில்லாத குழுவுக்கு நீங்கள் தரக்கூடியது நேரம்தான்: மொழிபெயர்ப்பு, இணையதள வேலை, பிரஸ் கவுன்சில் புகாருக்கான அந்த ஆங்கிலப் பிரதி.

இலங்கையில், ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள் வேறு சட்டச் சூழலை உண்டாக்குகின்றன. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள ஒருவரைப் பற்றி எழுதவோ உதவவோ நினைத்தால், ஒப்புதல் விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

9. ரசீதும் வரியும்

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி வரிக் கழிவு கிடைக்காது. வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ கொடுங்கள். பெரும்பாலான தொண்டு அமைப்புகளுக்குக் கொடுத்த தொகையில் பாதிக்குத்தான் கழிவு, அதற்கும் வருமானத்தை ஒட்டி உச்ச வரம்பு உண்டு. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. 2021-22 நிதியாண்டிலிருந்து சாதாரண ரசீது மட்டும் போதாது. அமைப்பு உங்கள் பான் எண்ணோடு வருமான வரித் துறையில் பதிந்து, 10பிஇ என்ற சான்றிதழைத் தர வேண்டும். நிதியாண்டு முடிந்த பின் மே 31க்குள் அது உங்கள் கைக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் ஜூன் முதல் வாரத்தில் ஒரு முறை பொறுமையாகக் கேளுங்கள். பெரும்பாலும் கணக்கு எழுதுபவரும், தங்குமிடத்துக்கு மளிகை வாங்குபவரும், நிருபரின் அழைப்பை எடுப்பவரும் ஒரே ஆளாகத்தான் இருப்பார்.